பழைய டைரக்டரி சர்வரிலிருந்து எதற்கு மாறுவது?

எல்லோரும் பயன்படுத்தும், ஆனால் யாரும் நினைத்துப் பார்க்காத சர்வர் ஒன்று உண்டென்றால் அது டைரக்டரி சர்வர்தான்: பயனர் பெயர், கடவுச்சொல், குழு விவரங்களை ஒரே இடத்தில் வைத்திருக்கும் சர்வர். காலையில் கணினியைத் திறந்து கடவுச்சொல்லைத் தட்டும்போதும், மின்னஞ்சலில் ஒருவர் பெயரின் முதல் மூன்று எழுத்தை அடிக்கும்போதும், வைஃபைக்குள் நுழையும்போதும் பின்னால் அதுதான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஒழுங்காக ஓடுகிற வரை அதைத் தொட யாருக்கும் மனம் வராது. அதனால்தான் பல இடங்களில் அது பத்தாண்டுப் பழையதாக இருக்கிறது. நிறுவியவர் வேலையை விட்டுப் போயிருப்பார். இயங்குதளத்துக்கு ஆதரவு முடிந்திருக்கும். உள்ளமைவுக் கோப்பில் ‘இந்த வரியைத் தொடாதே’ என்று ஒரு குறிப்பு மட்டும் மிச்சம் இருக்கும்.

மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது பேச்சில் அடிபடும் பெயர்கள் ஏறக்குறைய எங்கும் ஒன்றுதான்: புதிய பதிப்பு ஓப்பன்எல்டாப், 389 டைரக்டரி சர்வர், ஃப்ரீஐபிஏ, சாம்பா, விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரி, கிளவுட் அடையாளச் சேவைகள். உடனே யாராவது ஓர் அட்டவணை போடத் தொடங்குவார்கள். நகலாக்கம் உண்டா, நிர்வகிக்க இணையத் திரை உண்டா, நொடிக்கு எத்தனை தேடல் தாங்கும்? நானும் அப்படிப் போட்டவன்தான். இப்போது அந்த அட்டவணையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு இரண்டு கேள்விகளை முதலில் கேட்கிறேன். பழைய சர்வரிடம் யார் வந்து என்ன கேட்கிறார்கள்? அதில் கடவுச்சொற்கள் எந்த வடிவில் கிடக்கின்றன? இவற்றுக்கு விடை கிடைத்துவிட்டால் மேலே சொன்ன ஆறில் நான்கு தாமாகவே விலகிவிடும்.

கதவைத் தட்டுகிறவர்கள்

‘உங்கள் துறையில் எந்தெந்தப் பயன்பாடுகள் டைரக்டரியை நம்பியிருக்கின்றன?’ என்று சுற்றறிக்கை அனுப்பினால் ஒரு பட்டியல் வரும். அது எப்போதும் குறைப் பட்டியலாகத்தான் இருக்கும். முழுப் பட்டியல் சர்வரின் பதிவுக் கோப்பில் இருக்கிறது.

ஓப்பன்எல்டாப்பில் பதிவு நிலையை 256 என்று வைத்தால் போதும். ஒவ்வோர் இணைப்புக்கும் ஓர் எண், அது வந்த முகவரி, எந்தக் கணக்கின் பெயரில் பைண்ட் ஆனது (அதாவது உள்நுழைந்தது), டைரக்டரிப் பதிவுகள் அடுக்கப்பட்டிருக்கும் மரத்தின் எந்தக் கிளையிலிருந்து எந்த வடிகட்டியோடு தேடியது, எத்தனை பதிவுகள் திரும்பிப் போயின என்று வரிவரியாக எழுதிவிடும். இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டி) இல்லாத பண்பை, அதாவது பதிவில் உள்ள ஒரு புலத்தைக் கொண்டு தேடினால் அதையும் தனி வரியில் முணுமுணுக்கும். 389 சர்வர் இதையெல்லாம் தன் அணுகல் பதிவில் கேட்காமலே எழுதுகிறது. இன்டெக்ஸ் இல்லாத தேடலின் வரியில் ஒரு குறி போட்டுவைக்கிறது. ஆக்டிவ் டைரக்டரி கொஞ்சம் அழுத்தக்காரன். பாதுகாப்பில்லாத பைண்ட் நடந்தால் 24 மணி நேரத்துக்கு ஒரு முறை 2887 என்ற எண்ணில் மொத்தக் கணக்கை மட்டும் சொல்லும். யார் செய்தது என்று தெரிய வேண்டுமானால் பதிவு நிலையை உயர்த்திவிட்டு 2889 என்ற நிகழ்வைப் பார்க்க வேண்டும்.

நான் பார்த்த ஓர் இடப்பெயர்வில், துறைகள் கொடுத்த பட்டியலைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான முகவரிகள் பதிவில் வந்தன. அதில் ஒன்று நாளுக்கு ஐந்தாறு முறை மட்டும் எட்டிப் பார்த்தது. பெயர் இல்லை, பெயரை முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ் பதிவும் இல்லை. சுவிட்சில் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று தேடிக்கொண்டே போனால், மாடிப்படி ஓரத்தில் நின்றிருந்த பழைய நகல் இயந்திரம். ஸ்கேன் செய்த தாளை மின்னஞ்சலில் அனுப்புவதற்காக முகவரிப் புத்தகத்தைத் தேடிக்கொண்டிருந்தது. குறியாக்கம் இல்லாமல், சர்வரின் ஐபி எண்ணை நேரடியாக வைத்துக்கொண்டு, எல்டாப் என்ற டைரக்டரி நெறிமுறையின் இரண்டாம் பதிப்பில் பேசியது. மூன்றாம் பதிப்பு 1997லேயே வந்துவிட்டது. ஓப்பன்எல்டாப் இரண்டாம் பதிப்பு பைண்டை இயல்பாக மறுத்துவிடும்; பழைய சர்வரின் உள்ளமைவில் அதற்கு விலக்கு கொடுக்கும் ஒரு வரி இருந்தது. ‘தொடாதே’ என்று குறிப்பு எழுதப்பட்டிருந்த வரி அதுதான். ஏன் தொடக்கூடாது என்பது எழுதியவரோடு போய்விட்டது.

குறைந்தது ஒரு மாதப் பதிவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும், மாத முடிவு அதற்குள் வர வேண்டும். ஒவ்வொரு முகவரிக்கும் நான் குறித்துக்கொள்வது நான்கு விஷயங்கள்: டிஎல்எஸ் குறியாக்கம் பேசுமா, பெயரற்று வருகிறதா அல்லது கணக்கோடு வருகிறதா, என்ன வடிகட்டி, எந்தப் பண்புகளைக் கேட்கிறது. இந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு ஒரு மாலை நேரம் உட்கார்ந்தால் தேர்வின் பாதி முடிந்துவிடுகிறது. பெயரற்ற தேடல்கள் நிறைய இருந்தால் ஆக்டிவ் டைரக்டரியில் அவை இயல்பாகத் தடுக்கப்படும். வடிகட்டிகளில் பெரும்பாலானவை யுனிக்ஸ் கணக்குப் பண்புகளைத் தேடினால் ஒரு திசை. குழு உறுப்பினர் பட்டியலை முழுப் பெயரால் கேட்டால் வேறு திசை.

கூட வர மறுக்கும் ஒரே சரக்கு

பெயர், தொலைபேசி எண், குழு எல்லாவற்றையும் எல்டிஐஎஃப் என்ற உரை வடிவக் கோப்பில் கொட்டி, கொஞ்சம் திருத்தி, புதிய இடத்தில் ஏற்றிவிடலாம். கடவுச்சொல் மட்டும் அப்படி வராது. காரணம் எளிது: சர்வரில் இருப்பது கடவுச்சொல் அல்ல, அதை அரைத்து எடுத்த ஹாஷ். ஹாஷிலிருந்து கடவுச்சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு வகை ஹாஷை இன்னொரு வகையாக மாற்றவும் முடியாது. மாவைக் காட்டி ‘இதே அரிசியில் இன்னொரு மில்லில் அரைத்துக் கொடு’ என்று கேட்பது போல.

ஓப்பன்எல்டாப்பில் வழக்கமாக இருப்பது உப்பு (அரைக்கும் முன் சேர்க்கும் கூடுதல் சரம்) சேர்த்த ஷா ஹாஷ், அல்லது யுனிக்ஸின் கிரிப்ட் ஹாஷ். இவற்றை 389 சர்வர் அப்படியே புரிந்துகொள்ளும். ஆக்டிவ் டைரக்டரி வைத்திருப்பது உப்பே சேர்க்காத எம்டி4 வகையான என்டி ஹாஷும் கெர்பரோஸ் (கடவுச்சொல்லை வலையில் அனுப்பாமல் அடையாளம் காட்டும் முறை) சாவிகளும்; அதன் கடவுச்சொல் பண்பை எல்டாப் வழியாகப் படிக்கவே முடியாது, எழுதலாம், அதுவும் குறியாக்கப்பட்ட இணைப்பில் மட்டும். கெர்பரோஸ் சாவி இன்னும் நுணுக்கமானது. கடவுச்சொல்லோடு பயனர் பெயரையும் ரெல்ம் (கெர்பரோஸின் ஆட்சி எல்லை) பெயரையும் உப்பாகச் சேர்த்து அது உருவாகிறது. ஆகவே கெர்பரோஸ் இல்லாத இடத்திலிருந்து கெர்பரோஸ் உள்ள இடத்துக்குப் போனால், ஒவ்வொரு பயனரும் தன் கடவுச்சொல்லை ஒரு முறையாவது புதிய சர்வரிடம் நேரில் சொல்லியாக வேண்டும். அந்த ‘ஒரு முறை’யை எப்படி வாங்குவது என்பதில்தான் இந்த ஆறு தேர்வுகளும் உண்மையாக வேறுபடுகின்றன.

ஆயிரம் பேருக்கும் கடவுச்சொல்லை அழித்துப் புதிதாகக் கொடுத்துவிடலாமே என்று கேட்பவர்கள், அன்று காலை உதவி மேசையில் உட்கார்ந்து பார்த்ததில்லை. அன்று தொலைபேசியை எடுத்தவர்களில் நானும் ஒருவன். வெளியூரில் இருப்பவருக்குப் புதிய கடவுச்சொல்லை எந்த வழியில் பத்திரமாகச் சொல்வது என்ற ஒரு கேள்விக்கே மதியம் வரை ஆனது. மின்னஞ்சலில் அனுப்பலாம் என்றால், மின்னஞ்சலைத் திறக்கத்தான் அந்தக் கடவுச்சொல் வேண்டும்.

இருக்கும் வீட்டையே புதுப்பிப்பது

பழையது ஓப்பன்எல்டாப் என்றால் முதலில் தோன்றுவது அதன் புதிய பதிப்புக்குப் போவது. கடவுச்சொல் சிக்கல் இல்லை, மரத்தின் அமைப்பு மாறாது, பயன்பாடுகளுக்கு எதுவும் தெரியாது. 1998ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சர்வர் நிரலை அடித்தளமாகக் கொண்டு தொடங்கிய திட்டம் அது, இன்றும் உயிரோடு இருக்கிறது. கண்டதும் சுலபமான வழிபோலத் தெரியும். நடுவில் இரண்டு பள்ளங்கள் உண்டு.

முதலாவது, 2021ல் வந்த 2.5 பதிப்பில் பழைய பெர்க்லி தரவுத்தளப் பின்தளங்கள் நீக்கப்பட்டுவிட்டன; இப்போதுள்ளது எல்எம்டிபி என்ற தரவுத்தளம். பழைய தரவுக் கோப்புகளைப் புதிய நிரல் திறக்காது. எனவே நிரலை மேம்படுத்துவதற்கு முன்பே, பழைய நிரலைக் கொண்டே முழுத் தரவையும் எல்டிஐஎஃப் ஆக வெளியே எடுத்துவிட வேண்டும். மேம்படுத்திய பிறகு நினைவுக்கு வந்தால், பழைய நிரலை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து நிறுவ வேண்டியிருக்கும். இரண்டாவது, கடவுச்சொல் கொள்கைக்கான ஸ்கீமா (எந்தப் பண்புகள் இருக்கலாம் என்ற வரையறை) அதே 2.5ல் தொகுதிக்குள்ளேயே வந்துவிட்டது. பழைய உள்ளமைவில் தனியாக ஏற்றி வைத்திருந்ததை நீக்காமல் கொண்டுவந்தால் சர்வர் எழும்பவே மறுக்கும். பிழைச் செய்தியைப் படித்தால் ஏதோ இரட்டை வரையறை என்று இருக்கும். காரணம் புரிய அரை மணி நேரம் ஆகும்.

இதற்கு மேல், ரெட் ஹேட் தன் எட்டாம் பதிப்பிலிருந்து ஓப்பன்எல்டாப் சர்வர் தொகுப்பைத் தருவதை நிறுத்திவிட்டது. அந்தக் குடும்ப லினக்ஸில் இருப்பவர்கள் வேறிடத்துத் தொகுப்பை நம்ப வேண்டும், அல்லது தாமே தொகுக்க வேண்டும். செய்ய முடியாதது இல்லை. ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வரும் ஒவ்வொரு முறையும் ஒருவர் அதைக் கவனித்தாக வேண்டும், அந்த ஒருவர் விடுப்பில் இருக்கக் கூடாது.

பயனர்கள் கணினிக்குள் நுழைவது வேறு வழியில் நடக்கிறது, டைரக்டரியைத் தேடுவது பயன்பாடுகள் மட்டுமே என்றால் இந்த வழியைத்தான் சொல்வேன். தேவையில்லாத இடத்தில் கெர்பரோஸைக் கொண்டுவந்து நட்டுவிட்டு அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

389 சர்வர் இதற்கு நெருங்கிய பங்காளி. நெட்ஸ்கேப்பின் டைரக்டரி சர்வராகப் பிறந்து, 2004ல் ரெட் ஹேட் கைக்கு வந்து, 2009ல் எல்டாப்பின் போர்ட் எண்ணையே பெயராக எடுத்துக்கொண்டது. பல சர்வர்களிலும் ஒரே நேரத்தில் எழுதும் நகலாக்கத்தை அமைப்பதும் கண்காணிப்பதும் ஓப்பன்எல்டாப்பைவிட இதில் எனக்குச் சுலபமாக இருந்தது. பழைய ஷா ஹாஷோடு வந்தவர்கள் அடுத்த முறை பைண்ட் செய்யும்போது அதை வலுவான வகைக்குத் தானாகவே மாற்றி எழுதிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. அனுமதி விதிகள்தாம் தலைவலி. ஓப்பன்எல்டாப்பில் அவை உள்ளமைவில், வரிசைப்படி, முதலில் பொருந்தியது வெல்லும் என்று இருக்கும். 389ல் அவை மரத்தின் பதிவுகளுக்குள்ளேயே பண்பாக உட்கார்ந்திருக்கும். மறுப்பு விதி எப்போதும் அனுமதியை வெல்லும். ஒன்றை மற்றொன்றாக மொழிபெயர்க்கும் கருவியை நம்பாதீர்கள். கையால் எழுதி, ஒவ்வொரு சேவைக் கணக்காலும் தேடிப் பார்த்து, எது தெரிகிறது எது தெரியவில்லை என்று பாருங்கள்.

லினக்ஸ் கூட்டத்துக்கு

லினக்ஸ் கணினிகள் நிறைய, அவற்றில் நுழைபவர்களும் நிறைய என்றால் ஃப்ரீஐபிஏ வேறு உலகம். உள்ளே 389 சர்வர், எம்ஐடி கெர்பரோஸ், டாக்டேக் சான்றிதழ் மையம், விரும்பினால் டிஎன்எஸ் என்று நான்கைந்து பொருள்களை ஒரே கட்டாகக் கட்டித் தருகிறது. எந்தப் பயனர் எந்தக் கணினியில் நுழையலாம், எங்கே சூடோ (நிர்வாகி அதிகாரத்தோடு கட்டளை) செய்யலாம் என்பதெல்லாம் ஒரே இடத்தில். தனித்தனியே இதையெல்லாம் ஒட்டவைத்துப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

அந்தக் கடவுச்சொல் கேள்விக்கு இது சொல்லும் விடை எனக்குப் பிடிக்கும். பழைய எல்டாப்பிலிருந்து பயனர்களையும் குழுக்களையும் இழுத்துக்கொள்ளத் தனிக் கட்டளை இருக்கிறது. ஹாஷும் கூடவே வரும். ஆனால் கெர்பரோஸ் சாவி இருக்காது. இடப்பெயர்வு நிலை என்று ஒன்றை இயக்கி வைத்தால், பயனர் எஸ்எஸ்எஸ்டி (லினக்ஸில் உள்நுழைவைக் கவனிக்கும் நிரல்) உள்ள ஒரு கணினியில் வழக்கம்போல் நுழையும்போது, முதலில் கெர்பரோஸ் தோற்கும், பிறகு பழைய ஹாஷோடு எல்டாப் பைண்ட் நடக்கும், அந்தக் கணத்தில் கடவுச்சொல் கையில் இருப்பதால் சாவி உருவாகிவிடும். பயனருக்கு எதுவும் தெரியாது. அப்படிப்பட்ட கணினி இல்லாதவர்களுக்கு ஒரு வலைப்பக்கம் இருக்கிறது. ஒரு முறை கடவுச்சொல்லை அடித்தால் முடிந்தது. சில வாரங்கள் விட்டுவிட்டு, சாவி இல்லாத கணக்குகள் எவை என்று தேடினால் ஒரு சிறிய பட்டியல் மிஞ்சும். அதில் பாதி, வேலையை விட்டுப் போனவர்கள். இடப்பெயர்வு இலவசமாகச் செய்து தரும் துப்புரவு இது.

விலை எங்கே என்றால், மரத்தின் அமைப்பு அவர்கள் சொன்னதுதான். பயனர்கள் எல்லோரும் ஒரே தட்டையான கிளையில் இருப்பார்கள். துறை, கிளை அலுவலகம் என்று அடுக்கடுக்காக மரம் வளர்த்து, பயன்பாடுகளில் அந்தக் கிளைகளையே தேடல் தொடங்கும் இடமாகக் கொடுத்திருந்தால், ஒவ்வொரு பயன்பாட்டையும் குழுவின் அடிப்படையில் தேடும்படி மாற்ற வேண்டும். இரண்டாவது, விண்டோஸ் கணினிகளை இதில் சேர்ப்பது இதன் வேலையல்ல. ஆக்டிவ் டைரக்டரியோடு நம்பிக்கை உறவு வைத்துக்கொள்ளலாம், அதற்கு இரண்டுக்கும் டிஎன்எஸ் டொமைனும் ரெல்மும் வேறு வேறாக இருக்க வேண்டும். ஏற்கெனவே நிறுவனத்தின் முதன்மைப் பெயரை ஆக்டிவ் டைரக்டரி பிடித்து வைத்திருந்தால், நீங்கள் ஒரு துணைப் பெயருக்கு இறங்கி வர வேண்டியதுதான். நிறுவிய பிறகு ரெல்ம் பெயரை மாற்ற முடியாது என்பதால் இதை முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

விண்டோஸ் பக்கம்

மேசைக் கணினிகளில் பெரும்பாலானவை விண்டோஸ் என்றால், நான் சுற்றி வளைக்க மாட்டேன்: ஆக்டிவ் டைரக்டரி. குழுக் கொள்கை (கணினிகளுக்கான பொது அமைப்பு விதிகள்), கணினிக் கணக்கு, அச்சுப்பொறி வரை அது ஒன்றோடு ஒன்று பிணைந்திருக்கிறது. கேள்வி, விண்டோஸ் சர்வரிலா சாம்பாவிலா என்பதுதான்.

ஏற்கெனவே ஆக்டிவ் டைரக்டரியில் இருப்பவர்களுக்கு இது இடப்பெயர்வே இல்லை என்று சொல்லலாம். புதிய சர்வரைச் சேர்த்து, நகலாகும் வரை பொறுத்திருந்து, ஐந்து சிறப்புப் பொறுப்புகளை மாற்றி, பழையதை முறையாக இறக்கிவிட வேண்டும். கடவுச்சொல் தானாக வரும். தடுக்கி விழும் இடம் வயதான டொமைன்கள். கொள்கைக் கோப்புகளை இன்னும் பழைய எஃப்ஆர்எஸ் முறையில் நகலெடுத்துக்கொண்டிருந்தால் விண்டோஸ் சர்வர் 2019 பதிப்பு சேர மறுக்கும். முதலில் புதிய முறையான டிஎஃப்எஸ்ஆருக்கு மாற வேண்டும். 2025 பதிப்பைச் சேர்க்க டொமைனின் செயல்பாட்டு நிலை குறைந்தது 2016 ஆக இருக்க வேண்டும். அதாவது 2012 காலத்துச் சர்வர்களிலிருந்து ஒரே தாவாகத் தாவ முடியாது, நடுவில் ஒரு படியில் நின்று மூச்சு வாங்க வேண்டும். 2016க்கான ஆதரவு 2027 ஜனவரியில் முடிகிறது என்பதால் அந்த நடுப் படியிலேயே குடியேறிவிடவும் கூடாது.

சாம்பா 2012 டிசம்பரில் வந்த 4.0 முதல் ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராக இயங்குகிறது. அணுகல் உரிமச் செலவு இல்லை. ஓப்பன்எல்டாப்பின் மேல் பழைய என்டி4 பாணி சாம்பா டொமைன் வைத்திருப்பவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருக்கிறது: அவர்களுடைய டைரக்டரியில் என்டி ஹாஷ் ஏற்கெனவே ஒரு பண்பாகச் சேமிக்கப்பட்டிருக்கும். மேம்படுத்தும் கட்டளை அதை எடுத்துக்கொண்டு போய்விடும், யாரும் கடவுச்சொல்லை மாற்ற வேண்டாம். ஒரே குறை, அந்த ஹாஷிலிருந்து கிடைப்பது ஆர்சி4 என்ற பழைய கெர்பரோஸ் சாவி மட்டும். வலுவான ஏஇஎஸ் சாவி வர வேண்டுமானால் பயனர் ஒரு முறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதை மூன்று மாதங்களில் பரவலாகச் செய்துகொள்ளலாம், ஒரே காலையில் அல்ல.

சாம்பாவில் என்னை உறுத்துவது ஒன்று. கொள்கைக் கோப்புகள் இருக்கும் பகிர்வைச் சர்வர்களுக்கு இடையே நகலெடுக்க அதற்குச் சொந்த ஏற்பாடு இல்லை; ஆர்சிங்க் போன்ற கோப்பு நகல் கருவி ஒன்றை வைத்து ஒரு திசையில் தள்ள வேண்டும். எந்தச் சர்வரில் மட்டும் கொள்கையைத் திருத்தலாம் என்பது குழுவில் எல்லோருக்கும் மனப்பாடமாக இருக்க வேண்டும். இரண்டு பேர் உள்ள குழுவில் இது நடக்கும். ஐந்து பேர் ஆனால் ஒருநாள் தவறும்.

லினக்ஸிலிருந்து இந்தப் பக்கம் வருபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். ஆக்டிவ் டைரக்டரி ஒரு தேடலுக்கு இயல்பாக ஆயிரம் பதிவுகள் வரைதான் தரும், பக்கம் பக்கமாகக் கேட்கத் தெரிந்த நிரலுக்கு மட்டும் மிச்சமும் வரும். ஒரு குழுவில் 1500 பேருக்கு மேல் இருந்தால் உறுப்பினர் பண்பே வேறு பெயரில், 0 முதல் 1499 வரை என்ற வரம்புக் குறியோடு வரும். இதைப் புரிந்துகொள்ளாத பயன்பாடு ‘குழு காலியாக இருக்கிறது’ என்று முடிவு கட்டிவிடும். சோதனைச் சூழலில் இருபது கணக்குகளை வைத்துப் பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தது என்று சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், இருபதில் அது தெரியாது.

கிளவுட் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 2023ல் என்ட்ரா ஐடி என்று பெயர் மாறிய அஷ்யூர் ஆக்டிவ் டைரக்டரி, பெயரில் ஒற்றுமை இருந்தாலும், எல்டாப் பேசாது. எல்டாப் வேண்டுமானால் அதற்குத் தனிச் சேவை வாங்க வேண்டும். கிளவுடிலேயே பிறந்த கணக்குகள் அங்கே வேலை செய்ய, பயனர் ஒரு முறை கடவுச்சொல்லை மாற்ற வேண்டும் என்பதைக் கவனியுங்கள். அதே பழைய கதை, வேறு வீட்டில். உங்கள் பயன்பாடுகள் எல்லாம் சாம்ல் அல்லது ஓப்பன்ஐடி கனெக்ட் என்ற வலை உள்நுழைவு நெறிமுறைகளைப் பேசுகிறவை என்றால் இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம், நேராக அங்கே போய்விடுங்கள். நகல் இயந்திரமும் பழைய கணக்குப் பதிவு மென்பொருளும் இருக்கும் இடங்களில் ஏதோ ஓர் எல்டாப் சர்வர் எங்கேயாவது ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எண்களும் குழுக்களும்

எந்தப் பக்கம் போனாலும் லினக்ஸ் கோப்புகளின் உரிமை எண்ணால்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆக்டிவ் டைரக்டரிக்கு மாறும்போது எஸ்எஸ்எஸ்டி தன் இயல்பில் விண்டோஸின் எஸ்ஐடி என்ற அடையாளத்திலிருந்து ஒரு புதிய யுஐடி (லினக்ஸ் பயனர்) எண்ணைக் கணக்கிட்டுக்கொள்ளும். மறுநாள் காலை பயனர் தன் சொந்தக் கோப்புகளைப் பட்டியலிட்டால் உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 2043 என்று இருக்கும். திறக்கப் போனால் அனுமதி இல்லை. பழைய எண்களையே யுனிக்ஸ் பண்புகளாக எழுதி, எஸ்எஸ்எஸ்டியின் கணக்கீட்டை நிறுத்திவிடுவதுதான் நல்லது. கோப்புகளின் உரிமையாளரை மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் காப்புப் பிரதிகளையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவற்றுக்குள் இருக்கும் எண்களை யாரும் மாற்றப் போவதில்லை.

குழுக்களில் வேறு ஒரு சச்சரவு. பழைய யுனிக்ஸ் ஸ்கீமாவில் உறுப்பினர் வெறும் பயனர் பெயராக இருப்பார். மற்ற வகைகளில் முழு டிஎன் (மரத்தில் அவர் இருக்கும் இடத்தோடு சேர்ந்த முழுப் பெயர்) ஆக இருப்பார். மாற்ற ஒரு சிறு நிரல் போதும். ஆனால் முழு டிஎன் வைக்கும் ‘பெயர்களின் குழு’ வகை, எல்டாப் தரப்படி ஓர் உறுப்பினராவது இல்லாமல் இருக்க முடியாது. பழைய மரத்தில் காலியாக இருந்த குழுக்கள் புதியதில் ஏறாமல் நிற்கும். பலரும் ஒரு பொம்மை உறுப்பினரைப் போட்டுச் சமாளிக்கிறார்கள். அந்தப் பொம்மைக்குக் கணக்கு எதுவும் இல்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஒரே இரவா, பல வாரமா

எதற்கு மாறுவது என்பது முடிந்தால், எப்படி என்பது மிஞ்சுகிறது. சனிக்கிழமை இரவில் எல்லாவற்றையும் திருப்பிவிடுவது ஒரு வழி. பழையதையும் புதியதையும் சில வாரங்கள் சேர்த்து ஓட்டி, பயன்பாடுகளை ஒவ்வொன்றாக நகர்த்துவது மற்றொன்று. ஒரே வகைச் சர்வருக்குள் பதிப்பு மட்டும் மாறுகிறது, டைரக்டரியைக் கேட்கும் பயன்பாடுகள் சிலதான் என்றால் ஒரே இரவு போதும். மற்றபடி நான் இரண்டாவது கட்சி. ஆனால் ஒரு நிபந்தனை: எழுதும் இடம் எப்போதும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் எழுதி, ஒத்திசைவு நிரல் ஒன்று இடையில் ஓடும் ஏற்பாட்டை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் நீக்கிய கணக்கு மறுநாள் உயிர்த்தெழுந்தது.

சேர்ந்து ஓட்டும் காலத்தில் கடவுச்சொல்லைச் சேகரிக்க ஓப்பன்எல்டாப் 2.5 முதல் ஒரு வசதி உண்டு. பயனர் புதிய சர்வரிடம் பைண்ட் செய்யும்போது, அங்கே கடவுச்சொல் இல்லையென்றால், அது தொலைவில் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியிடமோ வேறு எல்டாப்பிடமோ கேட்டுச் சரிபார்த்து, சரியென்றால் தன்னிடமே சேமித்துக்கொள்ளும். ஆக்டிவ் டைரக்டரியை விட்டு வெளியே வருபவர்களுக்கு இதைவிட அமைதியான வழி எனக்குத் தெரியாது.

பயன்பாடுகளில் சர்வரின் சொந்தப் பெயரை எழுதாமல் சேவைக்கென ஒரு பெயர் வைத்து, அந்த டிஎன்எஸ் பதிவின் ஆயுளை முந்தைய வாரமே ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டால் மாற்றுவதும் திரும்புவதும் சுலபம். சான்றிதழில் அந்தச் சேவைப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கெர்பரோஸ் கொண்டு பைண்ட் செய்பவை இப்படிப்பட்ட மாற்றுப்பெயரோடு எளிதில் ஒத்துப்போகாது, அவற்றைத் தனியே சோதிக்க வேண்டும். கடிகாரமும் கவனம்: ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கெர்பரோஸ் யாரையும் உள்ளே விடாது, அதன் பிழைச் செய்தியைப் பயன்பாடு ‘கடவுச்சொல் தவறு’ என்று காட்டிவிடும்.

திரும்பிப் போகும் வழிக்கு ஒரு காலக்கெடு எழுதி வையுங்கள். புதிய சர்வரில் முதல் ஆள் கடவுச்சொல்லை மாற்றிய நிமிடத்திலிருந்து, பழையதற்குத் திரும்பினால் அவர் வெளியே நிற்பார். ஒரு நாள் கழித்துத் திரும்பினால் சிலர். ஒரு வாரம் கழித்து என்றால் அது இன்னோர் இடப்பெயர்வு.

எல்லாம் முடிந்த பிறகு பழைய சர்வரை உடனே அணைக்க வேண்டாம். டைரக்டரி நிரலை நிறுத்திவிட்டு, 389, 636 ஆகிய போர்ட்டுகளில் வருவதைப் பதிவு செய்து மறுக்கும்படி ஃபயர்வாலை வைத்துவிடுங்கள். முதல் வாரத்தில் நாலைந்து முகவரிகள் வரும், பிறகு அமைதி. நான் அப்படி விட்டுவைத்த ஒன்றில் பதினோராவது மாதம் ஒரே ஒரு முகவரி வந்து இரண்டு முறை தட்டியது. ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் ஓடும் சம்பளப் படிவ நிரல் அது.